இருக்கை பழகுதல்

சோழவரம் என்றால் சென்னையில் இருப்பவர்களுக்கு ஏரிதான் முதலில் நினைவுக்கு வரும். கோடை வந்துவிட்டால் பூண்டி, செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகளோடு சேர்த்து அதன் நீர்மட்டத்தையும் நாளிதழ்கள் அச்சிடும். ஆனால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, காரனோடைப் பக்கத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஏரியை விட்டுவிட்டுப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று அங்கே இருந்தது. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், கைவிடப்பட்ட அந்தத் தளத்தில் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். 1980களின் இறுதிவரை சோழவரம் என்பது இந்திய மோட்டார் பந்தயத்தின் மறுபெயராகவே இருந்தது.

1990இல் அந்தக் கிளப் தனக்கென ஒரு நிரந்தரத் தளத்தை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் திறந்தது. சுற்றளவு ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர். பன்னிரண்டு திருப்பங்கள். ஜெகன் குமார், ரஜினி கிருஷ்ணன் முதலிய சென்னை வீரர்கள் தேர்ந்தது இந்தத் தளத்தில்தான்.

இரண்டு தளங்களுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வண்டியின்மேல் மனிதன் எப்படி உட்கார வேண்டும் என்னும் கேள்விக்கு வேறு வேறு விடைகளைக் கேட்கிறது. விமான ஓடுதளம் என்பது பெரும்பாலும் நேர்க்கோடு. நேர்க்கோட்டில் ஓட்டுபவனுக்குப் பகை காற்று. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். ஆகவே மார்பை டேங்கின்மேல் கிடத்தி, முழங்கைகளை உள்ளே ஒடுக்கி, தன்னைச் சிறிதாக்கிக்கொள்வதே நேர்ப்பாதையின் தேவை. இருங்காட்டுக்கோட்டையிலும் நேர்ப்பாதை உண்டு. ஆனால் அங்கே ஒருவனுடைய தேர்ச்சி வெளிப்படுவது திருப்பங்களில்தான்.

இதையெல்லாம் ஒரு தமிழ் விரிவுரையாளன் ஏன் எழுதுகிறான் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் என் பழைய மாணவன் ஒருவன். இளங்கலைத் தமிழில் என்னிடம் மூன்றாண்டுகள் பயின்றவன்; யாப்பிலக்கணத்தில் வகுப்பிலேயே முதல்வன். இப்போது கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பணியில் இருக்கிறான். தமிழ் படித்தவனுக்கு வெர்னியர் காலிப்பரும் மைக்ரோமீட்டரும் எப்படிக் கைவந்தன என்பது தனிக்கதை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, பழைய இருநூறு சிசி வண்டி ஒன்றை வாங்கி, விளக்குகளையும் கண்ணாடிகளையும் கழற்றிவிட்டு, பந்தயத் தளத்தில் மட்டும் ஓட்டுவதற்கென்று வைத்திருக்கிறான். தளத்தில் பயிற்சிக்கு அனுமதிக்கும் நாட்களில் அதைக் குட்டியானையில் ஏற்றிக் கட்டி, விடியுமுன் புறப்பட்டுவிடுவான்.

ஒருநாள் அவனுடைய அம்மா கல்லூரிக்கே வந்துவிட்டார். தளத்துக்குப் போய்வந்த மறுநாள் காலையில் மகனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை என்றார். மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போகின்றனவாம். “கை போச்சுன்னா வேலை போச்சு ஐயா. நீங்க சொன்னா கேப்பான்” என்றார். 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் விழுந்து உயிரிழந்த செய்தியை அவர் தொலைக்காட்சியில் பார்த்திருக்கிறார். அந்த அச்சத்தை நேராகச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. விரல்களைப் பற்றி மட்டும் பேசினார்.

மாணவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். மறுக்கவில்லை. “உண்மைதான் ஐயா. கடைசி ரெண்டு சுத்துல பிரேக் லீவர் விரல்ல இருக்கா இல்லையான்னே தெரியாது” என்றான். விரல் மரத்துப்போனவன் பிரேக்கை எப்படி அளந்து பிடிப்பான்? தாய் தனித்தனியே வைத்திருந்த இரண்டு அச்சங்களும் ஒன்றுதான் என்று அப்போது தோன்றியது. அவனை மருத்துவரிடம் காட்டினோம். உள்ளங்கையின் அடிமேட்டில் தொடர்ந்து பாரம் விழுந்தால், சுண்டு விரலுக்கும் மோதிர விரலுக்கும் செல்லும் நரம்பு நசுங்கும் என்றும், நெடுந்தூரம் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் இது வருவதுண்டு என்றும் அவர் விளக்கினார். சில வாரங்கள் வண்டியைத் தொடக்கூடாது என்றார். “அப்புறம் ஓட்டறதா இருந்தா, உட்கார்ற விதத்தை மாத்துங்க” என்று முடித்தார்.

மருத்துவர் குறித்த வாரங்கள் கழிந்த பின் நானும் உடன் போனேன். பிட் லேன் ஓரத்தில் நிழலில் உட்கார்ந்து குறிப்பெழுதும் வேலையை ஏற்றுக்கொண்டேன். பயிற்சி தந்தவர் ஐம்பதைக் கடந்த ஒரு பழைய பந்தய வீரர். வண்டியைத் தாங்கியில் நேராக நிறுத்தி, மாணவனைக் கவச உடையோடு அதன்மேல் உட்காரச் சொன்னார். “ஹேண்டில்பாரை விட்டுட்டு அப்படியே குனிஞ்சு இரு தம்பி” என்றார். அவனால் ஐந்து நொடிகூட இருக்க முடியவில்லை. முன்னால் சரிந்து மீண்டும் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டான். “பாத்தீங்களா சார்? இவன் ஹேண்டில்பாரை ஓட்டறதுக்குப் பிடிக்கலை, விழாம இருக்கப் பிடிக்கிறான்” என்று என்னைப் பார்த்துச் சொன்னார். பின்னர் நான் எழுதிக்கொண்ட பக்கங்கள் அனைத்தும் இந்த ஒரு வாக்கியத்தின் விரிவுரை என்றே சொல்வேன்.

அவர் சொன்னதைக் கணக்காகப் பார்க்கலாம். வண்டி ஏறத்தாழ நூற்றைம்பது கிலோ. கவச உடையோடு ஓட்டுபவன் எழுபது கிலோ. ஓடுகின்ற மொத்த எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அவனே. எஞ்சினும் டேங்கும் தம் இடத்தைவிட்டு அசையா. அந்த மூன்றில் ஒரு பங்கு அசையும். புவியீர்ப்பின் பாதி அளவுக்கு வேகம் குறையும்படி பிரேக் பிடித்தால், எழுபது கிலோ மனிதனை முப்பத்தைந்து கிலோ மூட்டை ஒன்று முதுகிலிருந்து முன்னால் தள்ளுவது போன்ற விசை எழும். அதை எங்கேனும் தாங்கியாக வேண்டும். தொடைகள் தாங்காவிட்டால் மணிக்கட்டுகள் தாங்கும். ஒரு பயிற்சிச் சுற்றில் பன்னிரண்டு திருப்பங்கள், அவற்றில் பலவற்றுக்கு முன்னால் பிரேக். பத்துச் சுற்றுகளில் அந்த மூட்டையை எத்தனை முறை கைகள் வாங்கியிருக்கும்!

மணிக்கட்டு வலிப்பதோடு இது முடிவதில்லை. மோட்டார் சைக்கிளைத் திருப்புவதில் ஒரு விந்தை இருக்கிறது. மிதிவண்டிக் கடை நடத்தியவர்களான ரைட் சகோதரர்களில் மூத்தவர் வில்பர், பல மிதிவண்டிக்காரர்களிடம் “இடப்பக்கம் எப்படித் திரும்புகிறீர்கள்?” என்று கேட்டுப் பார்த்தாராம். அனைவரும் ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்புவதாகவே சொன்னார்கள். உண்மையில் அவர்கள் முதலில் அதை மிகச் சிறிதளவு வலப்பக்கம் திருப்பியிருந்தார்கள். அப்படிச் செய்தால்தான் வண்டி இடப்பக்கம் சாயும். சாய்ந்த பின்னரே திரும்பும். வேகத்தில் செல்லும் மோட்டார் சைக்கிளும் அப்படித்தான். இடப்பக்கம் போக வேண்டுமானால் இடக்கைப் பிடியை முன்னால் தள்ள வேண்டும். ஒரு கை தள்ளும்போது மற்றொரு கை தளர்ந்து வழிவிட வேண்டும். உடலின் பாரத்தை இரு கைகளிலும் ஊன்றியிருப்பவனுக்கோ ஒரு கை தள்ளும். மற்றொரு கை அதை எதிர்க்கும். வண்டி திரும்ப மறுக்கிறது என்று அவன் நினைப்பான். அவனே அதைத் தடுத்துக்கொண்டிருப்பான்.

இன்னொன்றும் உண்டு. தளத்தின் மேடுபள்ளங்களில் முன்சக்கரம் சிறிது அலையும். அலைந்து தானே நேராகிக்கொள்ளும் வகையில்தான் அது அமைக்கப்பட்டிருக்கிறது. விறைத்த கைகள் உடலின் ஆட்டத்தை ஹேண்டில்பாருக்கும் சக்கரத்தின் ஆட்டத்தை உடலுக்கும் மாறி மாறிக் கடத்தும். சிறு அலைவு பெரிதாகும். அப்போது அஞ்சி இன்னும் இறுகப் பிடிப்பது மனித இயல்பு. அந்த இயல்பைத்தான் பயிற்சியால் மாற்ற வேண்டியிருக்கிறது.

திருப்பத்தில் உடலை உட்பக்கம் இறக்கித் தொங்குவது சமீபத்திய வழக்கம்தான். ஒரு காலத்தில் வீரர்கள் வண்டியோடு ஒரே கோட்டில் சாய்ந்தார்கள். 1970களின் தொடக்கத்தில் பின்லாந்து வீரர் ஜார்னோ சாரினென் உடலை உள்ளே இறக்கி ஓட்டினார். 1973இல் மோன்சா பந்தய விபத்தில் அவர் இறந்தார். 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று முறை உலகப் பட்டம் வென்ற அமெரிக்கர் கென்னி ராபர்ட்ஸ், முழங்கால் தரையை உரசும் அந்த அமர்வை உலகெங்கும் பரப்பினார். பார்ப்பவர்களுக்கு அது சாகசமாகத் தோன்றும். காரணம் எளியது. குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட வளைவைக் கடக்க, வண்டியும் மனிதனும் சேர்ந்த எடையின் மையம் இவ்வளவு உள்ளே சாய வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. மனிதன் கூடுதலாக உள்ளே வந்தால், வண்டி அந்த அளவுக்குக் குறைவாகச் சாய்ந்தால் போதும். டயருக்கும் ஃபுட்ரெஸ்ட்டுக்கும் இன்னும் கொஞ்சம் இடம் மிஞ்சும். அந்த மிச்சமே பாதுகாப்பு.

ஆனால் தொங்குபவன் எதைப் பற்றித் தொங்குவது? இங்கேதான் பெரும்பாலான புதியவர்கள் ஹேண்டில்பாரைப் பற்றுகிறார்கள். பற்ற வேண்டியது வெளிப்பக்கத்துத் தொடை. அது டேங்கின் விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ள, வெளிப்பக்கப் பாதம் ஃபுட்ரெஸ்ட்டை அழுத்த, இந்த இரண்டும் உடலைத் தாங்க வேண்டும். ஸ்ரீரங்கம் சேஷராயர் மண்டபத்தில் பாயும் குதிரைகளின்மேல் இருக்கும் வீரர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். முன்னங்கால்களைத் தூக்கி எழும் குதிரையின்மேல் அமர்ந்தும் அவர்கள் கைகளை ஆயுதத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அப்படியானால் விழாமல் வைத்திருப்பது எது என்று அன்று நான் கேட்டுக்கொண்டதில்லை. பிட் லேனில் உட்கார்ந்திருந்தபோதுதான் அந்தக் கால்களை நினைத்துக்கொண்டேன்.

இனி என் குறிப்பேட்டிலிருந்து. பயிற்சியாளர் ஒரு நிபந்தனை விதித்திருந்தார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும், மாற்றியதை எழுதிவைக்க வேண்டும். பாடபேதம் பார்த்துப் பழகிய எனக்கு இந்த ஒழுங்கு பிடித்திருந்தது. ஒரே சமயத்தில் நான்கு சொற்களைத் திருத்திவிட்டால் செய்யுள் எதனால் சீரானது என்று யாரால் சொல்ல முடியும்?

முதல் மாற்றத்துக்கு ஸ்பேனரே தேவைப்படவில்லை. மாணவன் டேங்கை ஒட்டி உட்கார்ந்திருந்தான். ஒரு கைமுட்டி அளவு பின்னால் தள்ளி உட்காரச் சொன்னார். டேங்கை ஒட்டி உட்கார்ந்தால் இடுப்பு மடிய இடமிருக்காது. முதுகு வளைந்து பாரம் தோளுக்குப் போகும். பின்னால் நகர்ந்ததும் இடுப்பிலிருந்து குனிய முடிந்தது. முழங்கைகள் தாமே மடிந்தன.

இரண்டாவது, பாதம். உள்ளங்காலின் நடுப்பகுதியை வைத்திருந்தவனை முன்பாதத்தை வைக்கச் சொன்னார். நடுப்பாதம் வைத்தால் சாயும்போது பூட்ஸின் நுனி தரையில் மாட்டும். முன்பாதம் வைத்தால் கணுக்காலும் முழங்காலும் வில்போல் வேலை செய்யும்; உடலை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் கொண்டுசெல்லும்போது கைகளைக் கேட்காமல் கால்களாலேயே எழும்பி நகரலாம். கியர் மாற்றும்போது மட்டும் பாதம் நகர்ந்து மீள வேண்டும்.

மூன்றாவது, ஃபுட்ரெஸ்ட். அவன் வண்டியில் பலதுளைத் தகட்டோடு கூடிய ரியர்செட் பொருத்தப்பட்டிருந்தது. யாரோ விற்ற பழைய பொருள். மிக உயரத்திலிருந்த துளையில் மாட்டியிருந்தான். படங்களில் அப்படித்தான் இருக்கிறது என்றான். அவன் கால்கள் நீளமானவை. முழங்கால் அளவுக்குமேல் மடிந்ததால் தொடை டேங்கின் விளிம்புக்கு மேலே போய், கொக்கி போட இடமில்லாமல் தவித்தது. ஒரு துளை கீழே இறக்கினார்கள். திருப்பத்தில் தரையை உரசுகிறதா என்று பார்த்தார்கள், உரசவில்லை. தொடை தன் இடத்தைக் கண்டுகொண்டது. டேங்கின் இருபுறமும் சொரசொரப்பான ரப்பர்ப் பட்டையை ஒட்டியது நான்காவது மாற்றம். மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தந்தது அதுதான்.

ஐந்தாவது, பிரேக், க்ளட்ச் லீவர்களின் கோணம். கடையில் வாங்கியபோது இருந்த கோணம், நிமிர்ந்து உட்காருபவனுக்கானது. குனிந்து அமர்பவனுக்கு மணிக்கட்டு மேல்நோக்கி ஒடிய வேண்டியிருந்தது. பந்தய அமர்வில் அவனை உட்காரவைத்து, முன்கையும் விரல்களும் ஒரே நேர்க்கோட்டில் வரும்வரை லீவர்களைக் கீழே திருப்பி முடுக்கினார்கள். ஆறாவது, இருக்கையின் பின்மேட்டில் ஒட்டிய ஒரு விரற்கடைக் கனமுள்ள நுரைப்பட்டை. வேகமெடுக்கும்போது உடல் பின்னால் வழுக்கும். வழுக்குபவன் தன்னை அறியாமல் ஆக்ஸிலரேட்டரைப் பிடித்துத் தொங்குவான். பின்னால் ஒரு தடை இருந்தால் தொங்கத் தேவையில்லை.

ஏழாவது, பார்வை. இதற்கு எந்தக் கருவியும் இல்லை. கண் அருகில் பார்த்தால் தலை தாழும், தோள் இறுகும். திருப்பத்தின் முடிவைத் தேடிப் பார்த்தால் தாடை உயர்ந்து கழுத்து தளரும். நான் எழுதிய குறிப்புகளில் இந்த ஒன்று மட்டும் நான்கு முறை வருகிறது.

இத்தனையும் செய்த பிறகு சுற்று நேரம் குறைந்ததா? முதல் நாளில் குறையவில்லை, சிறிது கூடியது. பழக்கம் மாறும்போது உடல் தயங்கும். மாணவன் சோர்ந்துபோனான். ஆனால் நான் இன்னொன்றைக் கவனித்து எழுதியிருந்தேன். முன்பெல்லாம் அவனுடைய கடைசிச் சுற்றுகள் முதற்சுற்றுகளைவிட மிகவும் மெதுவாகிவிடும். அன்று கடைசிச் சுற்றும் முதற்சுற்றும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தன. கையுறையைக் கழற்றியதும் பயிற்சியாளர் அவனிடம் ஒரு ரூபாய் நாணயத்தைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னார். எடுத்தான். “இது போதும் தம்பி, நேரம் பிறகு வரும்” என்றார். இரண்டு மாதங்களில் நேரமும் வந்தது. கூடவே கால்வலியும் வந்தது. பாரம் இடம் மாறியிருந்தது, அவ்வளவுதான். கால்வலி தொடையை வலுப்படுத்தும் பயிற்சிகளால் தீரக்கூடியது, நரம்பு அப்படியன்று.

இதைப் படித்துவிட்டு எவரேனும் தம் சாலை வண்டியில் கிளிப்-ஆன் ஹேண்டில்பாரை மாட்டிவிடக்கூடாது என்பதற்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி. சாலையில், ஷிஃப்ட் மாறும் வேளையில் செங்குன்றத்துக்கும் கவரைப்பேட்டைக்கும் இடையே போனவர்களுக்குத் தெரியும்: லாரிகளுக்கு நடுவே, பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை செய்த இளைஞர்கள், மிகவும் குனிந்த ஹேண்டில்பாரோடு ஊர்ந்து போவார்கள். பந்தய வேகத்தில் எதிர்க்காற்று மார்பை ஓரளவு ஏந்திக்கொள்ளும். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் ஏந்துவதற்குக் காற்று வராது. மேலுடலின் பாரம் அத்தனையும் மணிக்கட்டில் இறங்கும். அதோடு, குனிந்தவன் தலையைத் திருப்பிப் பக்கத்து லாரியைப் பார்ப்பதும் கடினம். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய என்ஃபீல்டு ஆலையிலிருந்து வந்த புல்லட்டில் நம் தந்தையர் நிமிர்ந்து அமர்ந்து போனார்கள். அவர்களுடைய சாலைக்கு அது பொருத்தமான அமர்வு. இடத்துக்கும் காரியத்துக்கும் ஏற்பத்தான் இருக்கை. பந்தயத் தளத்திலிருந்து சாலைக்கு எடுத்துவரத் தக்கது ஒன்றே ஒன்று: எந்த வண்டியாயினும் டேங்கை முழங்கால்களால் பற்றுங்கள், கைகளைத் தளர்த்துங்கள்.

தேரோட்டிக்குச் சங்க இலக்கியத்தில் ‘வலவன்’ என்று பெயர். வல்லவன் என்னும் பொருள் அதிலேயே இருக்கிறது. வகுப்பில் அந்தச் சொல்லை விளக்கும்போது வலிமையைப் பற்றி இரண்டு வாக்கியங்கள் சொல்வது என் வழக்கம். இப்போதெல்லாம் மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்த வலிமை கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பதில் இல்லை; வேண்டும்போது விட்டுக்கொடுக்கத் தக்கபடி நிலையாக நிற்கும் கால்களில் இருக்கிறது. மாணவர்கள் அதைக் குறித்துக்கொள்கிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்பதில்லை.

அவனுடைய அம்மாவிடம் சென்ற மாதம் பேசினேன். விரல்கள் சரியாகிவிட்டன என்பது அவருக்குத் தெரியும். பிரேக்கை அவன் இப்போது கடைசிச் சுற்றுவரை உணர்ந்து பிடிக்கிறான் என்று விளக்கினேன். ஆபத்து குறைந்திருக்கிறது, இல்லாமல் போய்விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். “குறைஞ்சிருக்குன்னு நீங்க சொல்றீங்க. நான் நம்பறேன். ஆனா அவன் கிளம்பற அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது ஐயா, அதையும் நீங்க எழுதி வச்சுக்கோங்க” என்றார்.

குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.